பேஸ்பாலின் ஆகச்சிறந்த வீரர் யார்? வாதத்தில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேப் ரூத், வில்லி மேஸ், பேரி பாண்ட்ஸ், டை காப், ஹேங்க் ஏரன், டெட் வில்லியம்ஸ், வால்டர் ஜான்சன். அமெரிக்க பேஸ்பாலின் ஆகச்சிறந்த வீரர் யார் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த ஏழு பெயர்களும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். கூடவே ஆளுக்கொரு எண்ணும் வரும்: பாண்ட்ஸின் 762 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து நான்கு பேஸையும் சுற்றி வருவது), காப்பின் .367 சராசரி, பிட்சர் (பந்து வீசுபவர்) சை யங்கின் 511 வெற்றி. எண்கள் சரிதான். ஆனால் அவை வெவ்வேறு பந்தில், வெவ்வேறு விதிகளின்கீழ், வெவ்வேறு தரத்து எதிராளிகளிடம் எடுக்கப்பட்டவை. அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதம் நகராது. கீழே உள்ள வரிசையில் போனால், எந்த இடத்தில் நாம் உண்மையிலேயே கருத்து வேறுபடுகிறோம் என்பதாவது தெரியும்.

1. பெயரைச் சொல்லுமுன் கேள்வியை எழுதுங்கள்

எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆகச்சிறந்த’ என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்கிற்கும் விடை வேறு.

தன் காலத்தவரைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பது ஒன்று. இதில் ரூத்தை அசைப்பது கடினம். 1920இல் அவர் 54 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக் என்ற முதல்தரப் போட்டியின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அடுத்த இடத்தில் இருந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அந்த லீக்கில் வேறு எந்த அணியும், எல்லா ஆட்டக்காரர்களையும் கூட்டினாலும், 54ஐத் தொடவில்லை.

ஆட்ட வாழ்க்கை முழுவதும் சேர்த்து அணிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது இரண்டாவது. இங்கே ஹேங்க் ஏரன் மேலே வருகிறார்: 23 சீசன், 755 ஹோம் ரன், 3,771 ஹிட் (பந்தை அடித்துப் பேஸை எட்டியது). அவருடைய ஹோம் ரன்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் மூவாயிரத்துக்கு மேல் ஹிட் மிஞ்சும்.

மூன்றாவது, உச்சத்தில் இருந்த நான்கைந்து ஆண்டுகளில் யார் எதிர்கொள்ள முடியாதவர்? சாண்டி கோஃபாக்ஸ், பெட்ரோ மார்ட்டினெஸ் போன்ற பிட்சர்கள் இந்தக் கேள்வியில்தான் முதல் வரிசைக்கு வருகிறார்கள். நான்காவது, அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது என்று எல்லாவற்றிலும் குறையில்லாதவர் யார்? பெரும்பாலானோர் வில்லி மேஸ் என்பார்கள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் சிலர் நுழைப்பார்கள்: ரூத்தை இன்றைய மைதானத்தில் இறக்கினால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகப் பந்தை அடிப்பாரா? இதை அனுமதிக்காதீர்கள். இன்றைய உடற்பயிற்சி, காணொளிப் பயிற்சி, மருத்துவம் எதுவும் கிடைக்காதவரை இன்றையவரோடு நேரடியாக மோதவிட்டால் பழையவர் எப்போதும் தோற்பார். விடை முன்பே தெரிந்த கேள்வியில் வாதிட ஒன்றுமில்லை.

2. எண்களைப் படிக்கப் பழகுங்கள்

கிரிக்கெட் வழியாக வருபவர்களுக்கு முதல் இடறல் ‘சராசரி’. கிரிக்கெட்டில் அது ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன் என்பது. பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது அட்-பேட் எண்ணிக்கையில் எத்தனை பங்கு ஹிட் என்பது. .300 என்றால் பத்துக்கு மூன்று. அதுவே நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். அட்-பேட் கணக்கில் வாக் சேராது. வாக் என்பது பிட்சர் நான்கு பந்துகளை இலக்குக்கு வெளியே போட்டதால் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஐந்து முறை பேட் பிடிக்கிறார்: ஒரு ஹோம் ரன், ஒரு சிங்கிள், ஒரு வாக், இரண்டு அவுட். வாக்கைக் கழித்தால் அட்-பேட் 4, ஹிட் 2, சராசரி .500. பேஸை எட்டிய விகிதம் ஐந்துக்கு மூன்று, அதாவது .600. ஸ்லக்கிங் என்பது மொத்த பேஸ்களை அட்-பேட்டால் வகுப்பது: ஹோம் ரன்னுக்கு 4, சிங்கிளுக்கு 1, ஆக 5ஐ 4ஆல் வகுத்தால் 1.250. பேஸை எட்டிய விகிதத்தையும் ஸ்லக்கிங்கையும் கூட்டினால் வருவது ஓ.பி.எஸ்.; இங்கே 1.850.

சராசரி மட்டும் பார்ப்பவருக்கு வாக் கண்ணில் படாது, சிங்கிளும் ஹோம் ரன்னும் ஒன்றாகவே தெரியும். டெட் வில்லியம்ஸின் மதிப்பில் பாதி இப்படித்தான் மறைந்துபோகிறது. அவருடைய சராசரி .344, பேஸை எட்டிய விகிதமோ .482, மேஜர் லீக் வரலாற்றில் அதுவே உச்சம். ஏறக்குறைய இரண்டு முறைக்கு ஒரு முறை அவர் அவுட் ஆகவில்லை. பாண்ட்ஸ் 2004இல் 232 வாக் பெற்றார். அவற்றில் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது. இவருக்குப் பந்து போடுவதைவிட முதல் பேஸைச் சும்மா கொடுத்துவிடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டு அவர் பேஸை எட்டிய விகிதம் .609.

பிட்சருக்கு அடிப்படை எண் ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு, தடுப்பவர்களின் பிழையால் வந்ததைக் கழித்து, எத்தனை ரன் கொடுத்தார் என்பது. குறைந்தால் நல்லது.

3. காலத்துக்கும் மைதானத்துக்கும் கழித்துப் பாருங்கள்

வாதங்களில் பாதி இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் கெடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

1930இல் மற்றப் பிரிவான நேஷனல் லீக் முழுவதன் சராசரி .303. எல்லாரும், பிட்சர்கள் உட்பட, சேர்ந்து எடுத்தது அது. 1968இல் அமெரிக்கன் லீக்கில் சராசரிப் பட்டம் வென்ற கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி எடுத்தது .301. முதல் ஆண்டில் சாதாரண ஆள் எடுத்ததை மற்ற ஆண்டில் முதலிடக்காரர்தான் எடுத்தார். 1968இல் பிட்சர்கள் அவ்வளவு ஆதிக்கம் செலுத்தியதால் அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

இன்னும் பின்னே போனால் 1920க்கு முன் ‘செத்த பந்து’க் காலம். ஒரே பந்தை அழுக்கேறி நைந்துபோகும்வரை பயன்படுத்துவார்கள். எச்சில் தடவி வீசுவது அனுமதிக்கப்பட்டிருந்தது. 1911இல் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்த ஃபிராங்க் பேக்கரின் கணக்கு வெறும் 11. 1920இல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பேட்டர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்தார். அதன்பிறகு அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றுவது வழக்கமானது. எனவே டை காப்புக்கு ஹோம் ரன் ஏன் இல்லை என்று கேட்பதும், வால்டர் ஜான்சனின் 2.17 ஈ.ஆர்.ஏ.வை இன்றைய பிட்சரின் எண்ணோடு நேராக வைப்பதும் ஒரே தவறு.

திருத்தத்துக்கு இரண்டு எண்கள் தயாராகவே இருக்கின்றன. பேட்டருக்கு ஓ.பி.எஸ். பிளஸ், பிட்சருக்கு ஈ.ஆர்.ஏ. பிளஸ். இரண்டிலும் 100 என்பது அந்த ஆண்டு லீக்கின் நடுத்தரம். பேட்டரின் கணக்கிலும் பிட்சரின் கணக்கிலும் மேலே போகப் போக நல்லது. சொந்த மைதானத்தின் சாதக பாதகமும் உள்ளேயே கழிக்கப்பட்டிருக்கும்.

கைக்கணக்காகவே செய்து பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு பெட்ரோ மார்ட்டினெஸின் ஈ.ஆர்.ஏ. 1.74. அமெரிக்கன் லீக் சராசரி 4.91. 4.91ஐ 1.74ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 282. பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேட்டர்களுக்குச் சாதகமான மைதானம் என்பதால் திருத்திய எண் 291 ஆகிறது. 1968இல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12, நேஷனல் லீக் சராசரி 2.99. வகுத்தால் 267, மைதானத் திருத்தத்துக்குப் பின் 258. மேலோட்டமாகப் பார்த்தால் 1.12தான் பெரிய சாதனை. திருத்திப் பார்த்தால் மார்ட்டினெஸின் ஆண்டு அதைவிடப் பெரியது. எல்லாரும் ஹோம் ரன்னாக அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது அது.

மைதானத்துக்கு டென்வரின் கூர்ஸ் ஃபீல்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து அதிக தூரம் போகும், வளையும் பந்து சரியாக வளையாது. அங்கே ஆடிய டாட் ஹெல்டன் 2000இல் எடுத்த ஓ.பி.எஸ். 1.162. ரூத்தின் வாழ்நாள் ஓ.பி.எஸ். 1.164. ஹெல்டனின் அந்த ஓர் ஆண்டும் ரூத்தின் மொத்த வாழ்க்கையும் ஒன்றா? ஹெல்டனின் ஓ.பி.எஸ். பிளஸ் 163; ரூத்தினுடையது 206.

இந்தத் திருத்தம் செய்யாத ஒன்றும் உண்டு. லீக்கின் நடுத்தரம்தான் அளவுகோல் என்பதால், அந்த நடுத்தரமே பலவீனமாக இருந்தால் பிளஸ் எண்ணுக்குத் தெரியாது. ரூத் ஆடியபோது 16 அணிகள், வெள்ளையர் மட்டும். இன்று 30 அணிகள். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, ஜப்பான், கொரியா என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. கூட்டம் வலுவாக வலுவாக அதிலிருந்து தனித்து நிற்பது கடினமாகும். இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒற்றைச் சூத்திரம் கிடையாது. பழைய காலத்தவரின் எண்ணிலிருந்து எவ்வளவு கழிப்பீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி கழியுங்கள். ரூத்துக்குக் கழித்துவிட்டுக் காப்புக்குக் கழிக்காமல் விடுவதுதான் குற்றம்.

4. ‘வார்’ என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள், அதற்கு அடிமையாகாதீர்கள்

இன்றைய வாதங்களில் அதிகம் அடிபடுவது ‘வார்’. மலிவாக, உடனே கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அணி எத்தனை வெற்றி குறைவாகப் பெற்றிருக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. அடித்தது, பேஸ்களுக்கிடையே ஓடியது, தடுத்தது, ஆடிய இடத்தின் கடினம் எல்லாவற்றையும் ரன்களாக மாற்றி, சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்று கணக்கிடுவார்கள். ஒரு சீசனுக்கு 2 என்றால் சராசரி ஆட்டக்காரர், 5 என்றால் நட்சத்திரம், 8ஐத் தாண்டினால் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருதுக்குப் போட்டியிடுபவர்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் என்ற இரண்டு புள்ளிவிவர இணையதளங்களும் இதைத் தனித்தனியாகக் கணக்கிடுகின்றன. பிட்சர்களில் வேறுபாடு அதிகம்: முதலாவது பிட்சர் உண்மையில் விட்டுக்கொடுத்த ரன்னிலிருந்து தொடங்குகிறது, இரண்டாவது ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), வாக், ஹோம் ரன் மூன்றை மட்டும் முதன்மையாகப் பார்க்கிறது. ஒருவருக்கு ஒரு தளத்தின் எண்ணையும் மற்றவருக்கு மற்ற தளத்தின் எண்ணையும் எடுத்து ஒப்பிடாதீர்கள். தெரிந்தே இப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எந்தத் தளம் என்று கேட்டுவிடுங்கள்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கில் ரூத்துக்கு 180க்குச் சற்று மேல். அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸில் பிட்சராக ஆடியபோது சேர்த்த 20 அளவிலான வாரும் அதில் அடக்கம். பிட்சராக 94 வெற்றி, 2.28 ஈ.ஆர்.ஏ. அதைக் கழித்தால் மிஞ்சுவது 162 அளவு, கிட்டத்தட்ட பாண்ட்ஸின் எண். ஆக, ‘சிறந்த பேட்டர்’ என்று கேட்டால் இருவரும் சமம். ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்று கேட்டால் ரூத் முன்னே போகிறார். முதல் படியில் கேள்வியை எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

வார் எங்கே தவறும்? தடுப்பாட்டத்தில். கேமராவும் ரேடாரும் ஒவ்வொரு பந்தையும் அளக்கத் தொடங்கியது 2015இல்தான். அதற்கு முந்தைய தடுப்பாட்ட மதிப்பீடு எழுத்துப் பதிவுகளிலிருந்து ஊகித்தது. பின்னோக்கிப் போகப் போக ஊகம் கூடும். மேஸின் 156க்கும் பாண்ட்ஸின் 163க்கும் உள்ள இடைவெளி, இருபதுக்கும் மேற்பட்ட சீசன்களில் பரப்பினால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு வெற்றி. அளவுகோலின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். வாழ்நாள் கணக்கில் பத்துக்குள் வித்தியாசம் இருந்தால் சமம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களுக்கும் இது அநியாயம் செய்யும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுபவர் ஆண்டுக்கு 162 ஆட்டமும் ஆட முடியாது. ஜானி பெஞ்சின் 75 வார் மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் ஓர் அவுட்ஃபீல்டருக்குப் பெரிய எண் இல்லை. கேட்சர்களில் அதுதான் சிகரம். கேட்சரைக் கேட்சரோடு ஒப்பிட்டு, அந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

பிட்சர்களை இதே பட்டியலில் சேர்க்காமல் தனிப் பட்டியல் போடுவது நல்லது. நூறாண்டுக்கு முன் ஒரு பிட்சர் ஆண்டுக்கு 300 இன்னிங்ஸுக்கு மேல் வீசுவார். அதனால் ஜான்சனும் சை யங்கும் வார் பட்டியலில் ரூத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். யங் வீசத் தொடங்கிய 1890இல் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே இன்றைய 60 அடி 6 அங்குல தூரம்கூடக் கிடையாது. அது 1893இல் வந்தது. கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசிய மரியானோ ரிவேராவுக்கோ மூன்றாவதாக ஒரு பட்டியலே வேண்டும். 652 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தவை), சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிந்தைய சுற்று ஆட்டங்களில் 0.70 ஈ.ஆர்.ஏ., ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மண்டபத்துக்கு ஒரு வாக்கும் குறையாமல் தேர்வானவர். ஆனால் வீசிய இன்னிங்ஸ் குறைவு.

5. உச்சமும் நீளமும்

கோஃபாக்ஸின் மொத்த வெற்றி 165தான். டான் சட்டனுக்கு 324. ஆனால் 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டும் நேஷனல் லீக்கின் மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. கோஃபாக்ஸுடையது. முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் விலகினார். யாரை மேலே வைப்பது?

ஜே ஜாஃபி உருவாக்கிய ஜாஸ் என்ற முறை இதற்கு ஒரு நடுவழி: வாழ்நாள் வாரையும், மிகச்சிறந்த ஏழு சீசன்களின் வாரையும் கூட்டி இரண்டால் வகுப்பது. வாழ்நாள் 80, சிறந்த ஏழு ஆண்டு 50 என்றால் ஜாஸ் 65. நீண்ட காலம் ஆடியவருக்கும் உரியது கிடைக்கும், மின்னி மறைந்தவரும் அடியோடு தொலைய மாட்டார். கோஃபாக்ஸுக்குச் சாதகமாகப் பேசும்போது எதிராளி இரண்டைச் சொல்வார், தயாராக இருங்கள். 1962இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சர்களின் சொர்க்கம். மேடும் அப்போது உயரம். இரண்டும் உண்மை.

6. ஆடாத ஆண்டுகளை என்ன செய்வது

காயத்தால் இழந்த ஆண்டு ஆட்டத்தின் பகுதி. அதற்கு ஈடு கொடுக்க வேண்டாம். போருக்குப் போனதும், நிறத்தின் பெயரால் வெளியே நிறுத்தியதும் வேறு.

வில்லியம்ஸ் 1943, 1944, 1945 மூன்று சீசனையும் இரண்டாம் உலகப் போரில் இழந்தார். கொரியப் போரில் விமானியாகப் போய் 1952, 1953இல் பெரும்பகுதியை இழந்தார். கணக்கு இப்படிப் போடலாம்: போருக்கு முந்தைய இரண்டு சீசன், பிந்தைய இரண்டு சீசன் எடுத்துச் சராசரி பாருங்கள், காயம், தளர்ச்சிக்கென்று பத்து சதவீதம் கழியுங்கள், இழந்த ஆண்டுகளால் பெருக்குங்கள். 1942இலும் 1946இலும் அவர் 10க்கு மேல் வார் எடுத்தவர். முதல் மூன்றாண்டுக்கு மட்டுமே 25க்குக் குறையாமல் சேரும். 122இல் நிற்பவர் மேஸ், பாண்ட்ஸ் பக்கத்தில் வந்துவிடுவார். மேஸே 1952இன் பெரும்பகுதியையும் 1953 முழுவதையும் ராணுவத்தில் கழித்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். 660 ஹோம் ரன்னில் நின்றவருக்கு ரூத்தின் 714ஐ எட்ட 54தான் தேவைப்பட்டது. திரும்பி வந்த 1954இல் ஒரே சீசனில் 41 அடித்தார். கற்பனைக் கணக்குகளை எப்போதும் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். உண்மையான எண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

நிறவெறியால் ஏற்பட்ட இழப்பை இப்படிப் பெருக்கல் போட்டு நிரப்ப முடியாது. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் இறங்கும்வரை இருபதாம் நூற்றாண்டு மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு இடம் இல்லை. கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் நட்சத்திரம் ஜாஷ் கிப்சன் அதே ஆண்டு ஜனவரியில், 35 வயதில் இறந்துவிட்டார். 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தகுதியுடையவை என்று அறிவித்தது; 2024 மே மாதம் எண்களையும் இணைத்தது. அதனால்தான் இன்று வாழ்நாள் சராசரியில் கிப்சன் .372 என்று முதலிடத்திலும் காப் .367 என்று அடுத்தும் வருகிறார்கள்.

இங்கே இரண்டு பக்கமும் சறுக்கும். “அறுபது எண்பது ஆட்டம் கொண்ட குறுகிய சீசன், எண்ணவே கூடாது” என்பார் ஒருவர். மற்றொருவர் 800 ஹோம் ரன் என்பார். பதிவான லீக் ஆட்டங்களில் கிப்சனின் அட்-பேட் காப்பினுடையதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஹோம் ரன் இருநூறுக்கும் கீழே. 800 என்பது ஊர் ஊராகப் போய் ஆடிய பதிவற்ற ஆட்டங்களையும் சேர்த்த பேச்சு. எனவே மொத்தங்களை விட்டுவிட்டு விகிதங்களைப் பயன்படுத்துங்கள். சிறிய மாதிரி என்பதையும் சொல்லிவிடுங்கள். நீக்ரோ லீக்குகளில் ஆடிய ஆஸ்கர் சார்ல்ஸ்டனுக்கும் பிட்சர் சாட்செல் பெய்ஜுக்கும் இதே விதி. பெய்ஜ் அமெரிக்கன் லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசியபோது வயது 42. அந்த இழப்பு அவருடைய கணக்கில் மட்டும் எழுத வேண்டியதில்லை. அவரை எதிர்கொள்ளாமலே ஆடி முடித்த ரூத்தின் கணக்கிலும் எழுத வேண்டும்.

7. ஊக்கமருந்து

பேசாமல் கடக்க முடியாது. ஆனால் ஒரு நிலைப்பாட்டை முதலிலேயே எடுத்து அறிவித்துவிட்டால் நேரம் மிச்சம். மூன்று வழி உண்டு. எண்ணை அப்படியே ஏற்பது, பெயரையே நீக்குவது, அல்லது சந்தேகத்துக்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் எண்ணுவது. பாண்ட்ஸுக்கு 1998 வரை எண்ணுவது வழக்கம். அதுவரையே 411 ஹோம் ரன், 445 ஸ்டீல் (பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), மூன்று மதிப்புமிக்க வீரர் விருது, எட்டு கோல்ட் க்ளவ் (தடுப்பாட்டத்துக்கான விருது). அந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் ஹால் ஆஃப் ஃபேம் தரத்தவர். ஆனால் முதல் மூன்று இடத்துக்கு வர மாட்டார். மூன்று வழிகளில் இதுவே நேர்மையானது என்பது எங்கள் கட்சி. எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் 75 சதவீதம் தேவை. பத்தாவதும் கடைசியுமான 2022 வாக்கெடுப்பில் பாண்ட்ஸுக்கு 66.0, ரோஜர் க்ளெமென்ஸுக்கு 65.2 சதவீதம் கிடைத்தது.

ஒரே தராசை எல்லாருக்கும் பிடியுங்கள். பாண்ட்ஸைத் தள்ளிவிட்டு, 2014 சீசன் முழுவதும் தடைபெற்ற அலெக்ஸ் ரோட்ரிகஸை வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

8. வாதத்தில் வரும் போலிக் காசுகள்

“எத்தனை உலகத் தொடர் (இறுதிக் கோப்பை) ஜெயித்தார்?” வில்லியம்ஸ், காப், பாண்ட்ஸ் மூவருக்கும் பூஜ்யம். எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடித்தும் பிந்தைய சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒன்பது பேர் வரிசையாக பேட் பிடிக்கும் ஆட்டத்தில் ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புதான். தனியாளாகக் கோப்பையைத் தூக்க முடியாது.

“பிட்சருக்கு எத்தனை வெற்றி?” 1987இல் நோலன் ரயன் நேஷனல் லீக்கிலேயே மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ.வோடு 8 வெற்றி, 16 தோல்வி. அணி ரன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஜேக்கப் டிக்ராம் 2018இல் 10 வெற்றி, 9 தோல்வியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியபிறகு இந்த வாதத்துக்கு உயிர் போய்விட்டது என்று நினைத்தோம், இன்னும் வருகிறது. பேட்டர்களுக்கு ஆர்.பி.ஐ.யும் (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்கள்) இதே ரகம்: முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றால்தான் எண் ஏறும்.

“எத்தனை முறை மதிப்புமிக்க வீரர்?” விருது விதியைப் பார்க்காமல் எண்ணாதீர்கள். ரூத்துக்கு 1923இல் ஒரே ஒரு முறை. 1920களில் அமெரிக்கன் லீக்கில் ஒருமுறை வென்றவருக்கு மறுபடி கிடையாது என்ற விதி இருந்தது. 60 ஹோம் ரன் அடித்த 1927இல் அவர் போட்டியிலேயே இல்லை. வில்லியம்ஸ் 1942இலும் 1947இலும் மும்முடி (சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. மூன்றிலும் லீக்கில் முதலிடம்) வென்றார். இரண்டு முறையும் விருது வேறொருவருக்குப் போனது, 1947இல் ஒரே புள்ளியில். கோல்ட் க்ளவ் 1957இல்தான் தொடங்கியது. மேஸின் 12இல் அவருடைய முதல் ஆண்டுகள் சேரவே இல்லை.

9. பட்டியலை எப்படிப் போடுவது

ஒன்று முதல் பத்து வரை எண் போடாதீர்கள். அடுக்குகளாகப் பிரியுங்கள். முதல் அடுக்கில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். எங்கள் கணக்கில் ரூத், மேஸ் இருவர் உறுதி, மூன்றாவது நீங்கள் ஏழாவது படியில் எடுத்த முடிவைப் பொறுத்தது. இரண்டாம் அடுக்கில் ஏரன், வில்லியம்ஸ், காப், ஹோனஸ் வாக்னர், ஸ்டான் மியூசியல். ஒரே அடுக்குக்குள் வரிசை மாறினால் யாரும் சண்டை போட வேண்டாம் என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அடுக்கு மாறினால் மட்டும் காரணம் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண் போதும்: ஓ.பி.எஸ். பிளஸ், வாழ்நாள் வார், சிறந்த ஏழு ஆண்டின் வார். கூடவே அவருக்கு எதிரான ஆகப் பெரிய வாதத்தை ஒரு வரியில் நீங்களே எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அவரைப் பற்றி இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களைத் தனித் தாளில் வையுங்கள். இப்போது அந்தத் தாளில் முதல் பெயர் ஷோஹெய் ஒடானி. 2021 முதல் 2023 வரை முழுநேர பேட்டராகவும் பிட்சராகவும் ஒரே சமயத்தில் ஆடினார்; 2022இல் 34 ஹோம் ரன்னும் 15 வெற்றியும். 2024இல் பந்து வீசாமல் 54 ஹோம் ரன், 59 ஸ்டீல். 2025 வரை நான்கு மதிப்புமிக்க வீரர் விருது. ரூத் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது முக்கியமாக 1918, 1919 இரண்டு சீசன்தான் என்பதால் ஒப்பீடு சுவையானது. ஆனால் ஒடானி மேஜர் லீக்குக்கு வந்தது 2018இல். நீளக் கணக்கில் ஏரன் பக்கத்தில்கூட வர இன்னும் பல ஆண்டு வேண்டும். உச்சம் என்ற கேள்விக்கு இன்றே அவரை எழுதலாம். மொத்தம் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு நவம்பரிலும் விருதுகள் அறிவித்தபிறகு அந்தத் தாளை எடுத்து எண்ணைத் திருத்தி வைத்தால் போதும்.